பிள்ளைக்கா, உங்களுக்கா?

அன்புள்ள ஐயா,

எனக்குக் காங்கேயம் பக்கம். பிளஸ் டூவில் மேத்ஸ் பயாலஜி குரூப் முடித்ததும் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தேன். 17 வருடம் ஆனது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நானே எழுதிக் கொடுத்து, போன வருடம் நாயக் ரேங்கில் வெளியே வந்தேன். வயது 37. அருணாசலத்திலும் காஷ்மீரிலும் இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குப் போடும் பெய்லி பாலங்கள் எத்தனையோ போட்டிருக்கிறேன். முறையாக சிவில் படிக்க வேண்டும் என்பது பழைய ஆசை.

ஒரு கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். "பிள்ளைக்கா, உங்களுக்கா?" என்று ஆபீசில் கேட்டார்கள். எனக்குத்தான் என்றதும், "எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா பிள்ளைகளுக்குத்தானுங்க" என்றார்கள். டிஸ்சார்ஜில் கொடுத்த கிராஜுவேஷன் சர்டிபிகேட்டைக் காட்டினேன். "இது செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊரிலோ, "பென்சன் வருதுங்கல்ல, நாலு தறி போடுங்க, இந்த வயசுல எதுக்குங்க படிப்பு" என்கிறார்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுடன் சேர்ந்து நானும் படித்தால் தப்பா? வெளிநாட்டில் படைவீரர்களைப் பல்கலைக்கழகங்களே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கின்றன என்கிறார்களே, அது உண்மையா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

தப்பே இல்லை. சேருங்கள்.

முதலில் அந்தச் சர்டிபிகேட்டைப் பற்றிச் சொல்கிறேன். இதை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு தேறியவரோ அதற்குச் சமமான படையின் கல்விச் சான்றிதழ் வைத்திருப்பவரோ, படையில் 15 வருடம் முடித்திருந்தால், பட்டம் கேட்கும் குரூப் சி (எழுத்தர் போன்ற) பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 1986-இல் ஒன்றிய அரசு ஓர் உத்தரவு போட்டது. உங்கள் தாள் அதற்காகக் கொடுக்கப்படுவது. அந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அது பட்டத்துக்குச் சமம். ஆனால் அது பட்டம் இல்லை. அதைக் காட்டி எம்.ஏ. சேர முடியாது, பி.எட். சேர முடியாது. ஆபீசில் சொன்னது சரிதான். அதை இரண்டு நிமிடம் உட்கார வைத்து விளக்கிச் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

கோட்டா பற்றி அவர்கள் சொன்னதும் பெரும்பாலும் சரி. நம் மாநிலத்தில் பொறியியல் கலந்தாய்விலும் அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கையிலும் முன்னாள் படைவீரர் பிரிவு என்று இருப்பது பிள்ளைகளுக்கானது. பிரதமர் பெயரில் உள்ள உதவித்தொகையும் அப்படித்தான். வருடத்துக்கு 5,500 பேருக்கு, பெண்பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய், பையன்களுக்கு 2,500 ரூபாய் என்று தொழிற்படிப்புகளுக்குத் தருகிறார்கள். அது படைவீரரின் பிள்ளைகளுக்கும் விதவை மனைவியருக்கும்தான். உங்கள் மகள் பிளஸ் டூவில் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் விண்ணப்பிக்க மறக்காதீர்கள். உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. தொழில் தொடங்கப் போனாலாவது மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை கடன் உண்டு, 30 சதவீத மானியமும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் படிக்க வருகிறேன் என்று நிற்கும் படைவீரரை இங்கே யாரும் எதிர்பார்க்கவே இல்லை. அவரை எப்போதும் ஒரு மாணவரின் அப்பாவாகத்தான் பார்க்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். பல வருடங்களுக்கு முன்னால் கோவையில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பீரங்கிப் படையிலிருந்து வந்த ஒருவர் அதில் சேர்ந்தார், நாற்பது வயதிருக்கும். நான் உள்ளே போனால் சட்டென்று எழுந்து நிற்பார். தினமும் அதே இடத்தில், சுவரோரமாக, கொஞ்சம் திரும்பினாற்போல உட்காருவார். கவனிக்கவில்லை என்று நினைத்து ஒருநாள் கேட்டுவிட்டேன். இடது காது கேட்காது, அதனால் வலது காதை உங்கள் பக்கம் வைத்திருக்கிறேன் என்றார். பீரங்கிச் சத்தத்தில் போன காது. மூன்று மாதம் வகுப்பு எடுத்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள விண்ணப்பப் படிவத்தில் இடமே இல்லை.

அந்த செமஸ்டரில் ஊனமுற்றோர் பென்சனுக்காக மெடிக்கல் போர்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது. நாட்கள் போயின. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது, பரீட்சை எழுத விடவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார். அப்புறம் வரவில்லை. நான் முதல்வர் அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

நீங்கள் கேட்ட வெளிநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அது உண்மைதான், ஆனால் தானாக வந்ததில்லை. முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் வேலையில்லாமல் தவித்தார்கள். தருவதாகச் சொன்ன பணத்தைக் கேட்டு 1932-இல் குடும்பத்தோடு வாஷிங்டனுக்கு வந்து கூடாரம் போட்டார்கள். ராணுவத்தை வைத்தே அவர்களை விரட்டினார்கள். அந்த அவமானம் மறுபடி நேரக்கூடாது என்ற பயமும் சேர்ந்துதான் 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. ஜி.ஐ. பில் என்பார்கள். படிப்புக் கட்டணமும், படிக்கிற காலத்தில் வீட்டுச் செலவுக்குப் பணமும் அரசே தந்தது.

அப்போது எதிர்த்தவர்களில் பெரிய கல்வியாளர்களும் இருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ், கல்லூரிகள் வேலையற்றவர்களின் முகாமாகிவிடும் என்ற பொருளில் எழுதினார். நடந்தது வேறு. 1947-இல் அந்த நாட்டுக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் படைவீரர்கள். மனைவி குழந்தைகளோடு வந்தவர்களுக்காக வளாகத்திலேயே தகரக் கொட்டகைகளும் டிரெய்லர் வீடுகளும் போட்டார்கள். நன்றாகப் படித்தார்கள். 1956 வரை 78 லட்சம் பேர் ஏதோ ஒரு படிப்போ பயிற்சியோ பெற்றார்கள், அதில் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனவர்கள். கறுப்பினப் படைவீரர்களுக்குத் தென் மாநிலங்களில் இந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்று அங்கே இருக்கும் சட்டம் 2008-இல் வந்தது. 36 மாதப் படிப்புக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம், வீட்டு வாடகைக்கு மாதப்பணம், புத்தகத்துக்கு வருடம் 1,000 டாலர் வரை. எனக்கு இந்தப் பணத்தைவிட மற்ற ஏற்பாடுகள்தான் பெரிதாகப் படுகின்றன. இந்தத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியிலும் படைவீரர்களின் தாள்களைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். படிப்பின் நடுவில் படைக்குப் போனவர் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. படையில் பெற்ற பயிற்சியை மதிப்பிட்டு, பட்டத்துக்குச் சேரும் மதிப்பலகாக இத்தனை கிரெடிட் தரலாம் என்று கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்க ஒரு அமைப்பும் இருக்கிறது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் கோத்த பாலங்களில் கொஞ்சமாவது படிப்புக் கணக்கில் ஏறியிருக்கும். 2024 நிலச்சரிவுக்குப் பிறகு வயநாடு சூரல்மலையில் 190 அடிப் பாலத்தை இரண்டு நாளுக்குள் நிறுத்தியது உங்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ்தானே. அந்தத் தம்பிகளில் ஒருவர் நாளைக்கு நம்மூரில் சிவில் சேரப் போனாலும் சங்கிலி பிடித்து அளக்கப் பழகுவதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். கோவையில் மில்லிலும் ஃபவுண்டரியிலும் பம்ப்செட் கம்பெனியிலும் வேலை பார்த்த டிப்ளமோக்காரர்களுக்காக மாலையில் பகுதிநேர பி.இ. நடத்தினோமா இல்லையா? ஷிப்ட் முடித்து கையில் கிரீஸோடு வந்து படித்தவர்கள் இன்று கம்பெனி நடத்துகிறார்கள். தொழிலுக்குத் தேவை என்றதும் நேரத்தையும் விதியையும் மாற்றிக்கொண்ட ஊர் இது. அமராவதி நகரில் 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது, சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. படைக்குப் போகிறவனைத் தயார்செய்ய இத்தனை இருக்கும் சீமையில், வருகிறவனுக்கு ஒரு மேசை போட முடியாதா?

இது உங்கள் ஒருவரின் விஷயமும் இல்லை. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் நான்கு வருடத்துக்கு மட்டும் படையில் எடுக்கப்பட்ட அக்னிவீரர்களின் முதல் அணிக்கு 2026 கடைசி, 2027 தொடக்கத்தில் நான்கு வருடம் முடிகிறது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். பென்சன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. அதாவது இருக்கிற சலுகைகள்கூட அவர்களைத் தொடாது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. பலர் பி.எஸ்சி. முதல் வருடம் படிக்கும்போது ஆள்சேர்ப்புக்குப் போனவர்கள். பணம் வந்ததும் காரு வாங்கு, வட்டிக்கு விடு என்று சொல்லச் சொந்தபந்தம் வாசலில் நிற்கும். கல்லூரியிலிருந்தும் ஒருவர் போய் நிற்கவேண்டும் என்பது என் ஆசை. விட்டுப்போன படிப்பின் கிரெடிட் கல்விக் கிரெடிட் வங்கியில் (மாணவர்களின் கிரெடிட்களைச் சேமித்து வைக்கும் அரசின் ஆன்லைன் கணக்கு) ஏறியிருந்தால் 7 வருடம் வரை செல்லும். நான்கு வருடம் கழித்து வருபவருக்கு அது போதும். பெயரை வெட்டாமல் வைத்திருக்கக் கல்லூரிக்கு மனம் இருந்தால் சரி.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. கணிதம், இயற்பியல், வேதியியலோடு பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். உங்களுக்கு அதுதான் வழி என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்தில் டிப்ளமோ வரும், அதற்குமேல் பி.இ.க்கு இரண்டாம் வருடத்தில் சேரும் வழி இருக்கிறது. அப்பாவைப் பார்த்துக்கொண்டு தினமும் போக முடியாது என்றால், சிவிலை விட்டுவிட்டு இக்னோ என்ற ஒன்றிய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம். வயது உச்சவரம்பு இல்லை, ஜனவரி, ஜூலை என்று இரண்டு முறை சேர்க்கை. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஆனால் பஸ் ஸ்டாண்டு எதிரில் மாடியில் போர்டு மாட்டிக்கொண்டு, ஒரே வருடத்தில் டிகிரி என்று கூப்பிடுகிறார்களே, அந்தப் படியில் ஏறாதீர்கள். உங்கள் பென்சன் பணத்துக்குத்தான் அந்த போர்டு.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்காமல் இருந்தால் முதலில் வாங்கிவிடுங்கள். பள்ளி டி.சி. தொலைந்திருந்தால் பள்ளிக்கே போய் நகல் கேளுங்கள். 17 வருட இடைவெளி ஏன் என்று கேட்டால் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டினால் போதும். காது, முதுகு, முட்டி என்று எது தொந்தரவு தந்தாலும் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

எந்தக் கல்லூரி என்று முடிவுசெய்ததும் எனக்கு எழுதுங்கள். சேர்க்கை நாளில் நானும் உங்களோடு ஆபீசுக்கு வருகிறேன்.

அன்புடன்.