அவசரத் தொடர்புக்கு யார் பெயர்?

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

நானும் என் கணவரும் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரில் இருக்கிறோம். அவருக்கு இங்கே வேலை கிடைத்தது. நான் என் வங்கி வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தேன். என் பிரச்சினையைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். என் கணவருக்கு மலைப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்தால் போதும், பையைத் தூக்கிவிடுவார். ஊரில் இருந்தவரை மொட்டை மாடிக்குப் படியேறவே அலுத்துக்கொண்டவர்! இங்கே ஆர்தர்ஸ் பாஸ், பேங்க்ஸ் தீபகற்பம் என்று ஒன்றையும் விடுவதில்லை. வரமாட்டேன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். போனால் மணல் ஈக்கடி, நனைந்த சாக்ஸ், முழங்கால் வலி. அவலாஞ்ச் பீக்கில் பாதி ஏறியதும் முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். கியா என்கிற மலைக்கிளி ஒன்று வந்து என் ஷூ லேஸைப் பிடித்து இழுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அது மாமியார் வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்புக்குப் போய், 'கொடுத்து வைத்தவள்' என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

மலையில் இருக்கும் ஹட்டுகளில் இரவு தங்குவது இன்னும் கொடுமை. முன்பின் தெரியாதவர்களோடு வரிசையாகப் படுக்க வேண்டும். வீட்டில் என்னிடம் இரண்டு வார்த்தை பேசாதவர், அங்கே அடுப்புப் பக்கத்தில் யார் யாருடனோ மணிக்கணக்கில் பேசுவார்.

செலவும் கொஞ்சமில்லை. மழைக்கோட்டு, பூட்ஸ், கடைசியாக, போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஆபத்து என்றால் அழுத்துகிற பீக்கன். அதைப் பதிவு செய்யும்போது அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஆள் பெயர் கேட்டார்கள். இந்தியாவில் இருக்கும் என் தம்பி பெயரைக் கொடுத்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சரி, அதை விடுங்கள். ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

பக்கத்து வீட்டு வயதான அம்மா வேறு. காரில் பை ஏற்றினால் போதும், எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்க வந்துவிடுவார். அவருக்கு எதற்கு இதெல்லாம்? புதன்கிழமைதோறும் தோழிகளோடு நடக்கப் போகிறாராம், என்னையும் கூப்பிட்டார். இருக்கிற நடை போதாதா என்று மறுத்துவிட்டேன்.

அடுத்தது மில்ஃபோர்ட் டிராக்காம். 53.5 கிலோமீட்டர், நான்கு நாள் நடை. இடம் கிடைத்துவிட்டதென்று குதிக்கிறார். ஈ, மழை, முழங்கால் எல்லாம் மறுபடியும். சனி, ஞாயிறு வீட்டில் இருங்கள் என்று இவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

கிளி லேஸை இழுத்து நீங்கள் அழும் நேரத்தில் போட்டோ எடுத்தது தப்புதான். அதை அவரிடம் நேராகவே சொல்லுங்கள். விருப்பமில்லாத வாரம் வரமாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. தூக்கி வைத்த முகம் தானாக இறங்கும்.

ஆனால் 'அதை விடுங்கள்' என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தை என்னால் விட முடியவில்லை. ஈ கடித்த இரவிலும் தூங்கியிருக்கிறீர்கள். தூக்கம் போனது தம்பி பெயரை எழுதிக் கொடுத்த இரவில். அந்த பீக்கனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குத் தகவல் போகும். அவர்கள் பதிவில் இருக்கும் ஆளை அழைத்து, எந்தப் பாதையில் போனார்கள், கூட எத்தனை பேர் என்று விசாரிப்பார்கள். நீங்கள் காலை ஏழு மணிக்கு மலையில் தவித்தால் இந்தியாவில் ஏறக்குறைய நள்ளிரவு. தூக்கத்தில் எழுந்து போனை எடுக்கும் தம்பி என்ன பதில் சொல்வார்? உங்களுக்கு ஒன்று என்றால் கணவர் இருக்கிறார், கணவருக்கு ஒன்று என்றால் அந்த நாட்டில் கூப்பிட ஆளில்லை என்பது அன்றைக்குத்தான் எழுத்தில் தெரிந்தது. வாரம் முழுக்க அவரை வீட்டிலேயே உட்கார வைத்தாலும் அந்தக் கட்டத்தில் எழுத வேறு பெயர் கிடைத்துவிடாது.

வேலை, தோழிகள், கூப்பிடு தூரத்தில் தம்பி என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பெரிய இழப்புதான். அதை உங்கள் கணவரிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா? அவர் காதில் விழுந்ததெல்லாம் முழங்கால் வலி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி கொஞ்சம் கசப்பாக இருக்கும். அவர் ஹட்டில் தெரியாதவர்களிடம் பேசுவதைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். ஆபீசுக்கு வெளியே மனிதர்களோடு பழக அவருக்குக் கிடைத்த இடம் அது. வீட்டில் உங்களிடம் பேசாதது நியாயமான புகார், அதைத் தனியாக வையுங்கள். அவராவது ஆள் தேடிப் போகிறார். உங்களைத் தேடி வாசலுக்கே வந்தவரை நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மா விஷயத்தில் நான் உங்கள் கட்சியில் இல்லை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது, நியூசிலாந்தில் மலையேறுகிறவர்களுக்குச் சொல்லப்படும் முக்கியமான பாதுகாப்பு விதி. சொன்ன நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால் போலீசுக்குத் தகவல் கொடுப்பது அந்த ஆளின் பொறுப்பு. நீங்கள் வேவு என்று நினைத்தது இதைத்தான். கேட்காமலேயே அந்தப் பொறுப்பை ஏற்க ஒருவர் தயாராக இருந்திருக்கிறார்.

மில்ஃபோர்டுக்குப் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை அந்த அம்மாவோடு நடந்துவிட்டு வாருங்கள், கணவர் துணையில்லாமல். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் போக வேண்டாம். பிடித்திருந்தால், 'பீக்கன் பதிவில் உங்கள் பெயரைச் சேர்க்கலாமா' என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள். தம்பி பெயரும் இருக்கட்டும். ஒருவருக்கு மேல் கொடுக்கலாம், கட்டணமும் கிடையாது.