பெரிய கார் பந்தயம் நடத்துவது ஒரு ஊருக்கு லாபமா? சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு கேடு?

லாபம் உண்டு, ஆனால் யாருக்கு என்பதுதான் விஷயம். பந்தய வாரத்தில் ஓட்டல் வாடகை எகிறும், டாக்சிக்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. பந்தயத்தை நடத்துபவர் நிலை வேறு. பார்முலா 1 என்றால் ஆண்டுதோறும் பெரிய உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும். ஒளிபரப்பு வருமானம் பார்முலா 1 நிறுவனத்துக்குப் போய்விடும். இவர் பெரும்பாலும் டிக்கெட் வசூலை நம்பித்தான் இருக்க வேண்டும். துண்டு விழுந்தால் அரசுப் பணம்தான். 1999 முதல் செபாங்கில் நடத்திவந்த மலேசியா, செலவு ஏறி டிக்கெட் விற்பனை சரிந்ததும் 2017-உடன் விலகிக்கொண்டது. சிங்கப்பூர் 2008 முதல் நகரத் தெருக்களிலேயே இரவில் நடத்துகிறது. பார்க்க வருபவர்கள் அங்கேயே தங்கிச் செலவழிக்கிறார்கள். கூட்டத்துக்குப் பயந்து அந்த வாரம் வராமல் போகும் வழக்கமான சுற்றுலாப் பயணிகளை மட்டும் லாபக் கணக்குகளில் அவ்வளவாகப் பார்க்க முடியாது!

சரி, சுற்றுச்சூழல்? கார் புகையைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். 2019-இல் பார்முலா 1 வெளியிட்ட கணக்குப்படி, மொத்தக் கார்பன் உமிழ்வில் பந்தயக் கார் இன்ஜின்களின் பங்கு 0.7 சதவீதம்தான். சரக்குப் போக்குவரத்து 45 சதவீதம், ஆட்களின் பயணமும் தங்கலும் சுமார் 28 சதவீதம். ரசிகர்கள் விமானம் ஏறி வருவது இதில் சேரவே இல்லை. ஆகவே இன்ஜினை மாற்றுவதைவிட, அருகருகே உள்ள நாடுகளின் பந்தயங்கள் அடுத்தடுத்து வரும்படி பந்தய அட்டவணையை ஒழுங்குபடுத்துவதில் பலன் அதிகம் என்பது என் கருத்து. இலையுதிர்காலத்தில் நடந்துவந்த ஜப்பான் பந்தயத்தை 2024-இல் ஏப்ரலுக்கு மாற்றியது அப்படிப்பட்ட ஒரு முயற்சிதான்.