என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் யாரை எடுப்பது என்று ஏன் இவ்வளவு சண்டை?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். மொத்தம் 7 சுற்று. போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை, சாம்பியனுக்குக் கடைசி. தோற்கிற அணி தோற்றுக்கொண்டே இருக்கக் கூடாது என்று 1936-இல் தொடங்கிய ஏற்பாடு இது.

சண்டை வருவது இங்கேதான்: அணியில் ஓட்டையாக இருக்கிற இடத்துக்கு ஆள் எடுப்பதா, இருப்பவர்களில் ஆகச் சிறந்தவரை எடுப்பதா? அரிசி வாங்கச் சந்தைக்குப் போன இடத்தில் அருமையான வஞ்சிரம் கண்ணில் படுகிறது, கையிலிருக்கும் காசுக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் என்ன செய்வீர்கள், அதே குழப்பம்தான். முதல் சுற்றிலாவது திறமையைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் ஓட்டைகள் வருஷா வருஷம் இடம் மாறும்.

ஆனால் திறமையைக் கணிப்பதே பெரும்பாடு. 1998-இல் முதலில் பெய்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று பெரிய வாதமே நடந்தது. கோல்ட்ஸ் அணி மேனிங்கை எடுத்தது, அவர் பின்னாளில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை 2 முறை வென்றார். அடுத்ததாகச் சார்ஜர்ஸ் அணி எடுத்த லீஃப் சில வருஷத்திலேயே காணாமல் போனார். அப்புறம் 2000-இல் 199-ஆவது ஆளாகப் போன டாம் பிரேடி 7 சூப்பர் பவுல் ஜெயித்தார்!

பலர் இதை ஐ.பி.எல். ஏலம் மாதிரி நினைக்கிறார்கள். இங்கே யாரும் விலை கேட்பதில்லை, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே புதியவரின் சம்பளம் பெரும்பாலும் முடிவாகிவிடும்.