ஊதா இலை ஏன் பச்சையாகிவிட்டது?

கேள்வி: தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் தொங்கு தொட்டியில் டிரடெஸ்காண்டியா வாங்கி வரவேற்பறை மூலையில் மாட்டினேன். அப்போது இலைகளில் வெள்ளிக் கோடும் ஊதா நிறமும் பளிச்சென்று இருந்தன. இப்போது எல்லாம் பச்சையாகிவிட்டது. கொடி நீளமாகத் தொங்குகிறது. தொட்டியின் நடுப்பகுதி வழுக்கையாகிவிட்டது. கடையில் 280 ரூபாய்க்குக் ‘கலர் டானிக்’ வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இலைக்கு நிறமேற்றும் டானிக் என்று ஒன்று கிடையாது. புட்டியில் தழைச்சத்து இருந்தால் உங்கள் செடி இன்னும் பச்சையாகத்தான் போகும். கடைக்காரர் அடுத்த புட்டியை நீட்டுவார்.

குறை இருப்பது வெளிச்சத்தில்தான். வரவேற்பறை மூலையில் செடிக்குப் பிழைப்பே பெரும்பாடு, ஊதாவுக்கு எங்கே போகும்? நண்பகலில் விளக்கைப் போடாமல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நாளிதழின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அது செடிக்கான இடமே இல்லை. இரண்டு மணி நேரம் காலை வெயில் படும் கிழக்குப் பால்கனி போதும். மே மாத மேற்கு வெயிலில் மாட்டினால் இலை கருகும்.

பச்சையான பழைய இலை முன்போல் மாறும் என்று காத்திருக்க வேண்டாம். புது இலையில்தான் நிறம் வரும். அதற்கு வெட்ட வேண்டும். பயப்படாதீர்கள், வரப்போரத்துக் கானாவாழையும் இதே குடும்பம்தான். பிடுங்கிப் போட்ட கானாவாழை ஒரு மழைக்குக் கணுவில் வேர்விட்டு எழுந்துவிடும் என்பது களை எடுத்த எவருக்கும் தெரியும். கொடி நுனியை நான்கு அங்குலம் வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு அந்த வழுக்கை நடுவிலேயே ஊன்றுங்கள். பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வேண்டும். இரண்டு வாரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது.

இதே இழுப்புச் சோதனையைக் கடையிலும் செய்திருக்க வேண்டும். தென்னை நார்த் தூளை மட்டும் நிரப்பி, வேரில்லாத துண்டுகளை நெருக்கிக் குத்தி, நிழல்வலைக்குள் நான்கு நாள் வைத்து, ‘அடர்ந்த செடி’ என்று விற்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இணையத்தில் இன்னும் மோசம். ஏழு வண்ண டிரடெஸ்காண்டியா விதை என்று படம் போட்டு விற்கிறார்கள். இந்தச் செடியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டை ஒடித்து ஊன்றுவதுதான் வழக்கம். நானும் ஒருமுறை சோதனைக்காக வாங்கினேன். ஏதோ கீரை முளைத்தது. புகார் செய்தால் ‘உயிருள்ள பொருளைத் திரும்பப் பெற முடியாது’ என்று பதில் வந்தது. காய்கறி விதை விற்க 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். இங்கே அழகுச்செடி விதை என்று கடுகை விற்றாலும் கேட்க நாதியில்லை.

ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுடையது வெள்ளிக் கோடு போட்ட வகை. வெளிச்சம் தந்தால் சரியாகிவிடும். பக்கத்து வீட்டில் ‘நானூக்’ என்ற இளஞ்சிவப்பு வகை இருந்தால் இந்த வைத்தியம் மட்டும் போதாது. அதன் வெள்ளை, இளஞ்சிவப்புப் பகுதிகளில் பச்சையம் மிகக் குறைவு. எனவே முழுப்பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் அது மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து தொட்டியையே பிடித்துக்கொள்ளும். எத்தனை வெயில் காட்டினாலும் அந்தக் கிளையில் நிறம் திரும்புவது அரிது. பார்த்த அன்றே அடியோடு வெட்டுங்கள். நுனியை மட்டும் கிள்ளினால் அது இரண்டாகக் கிளைக்கும். முழுக்க இளஞ்சிவப்பான துண்டை ஆசையாக வெட்டி ஊன்றாதீர்கள், சோறு பொங்கப் பச்சையில்லாமல் சோர்ந்து போகும். பச்சையும் சிவப்பும் கலந்த துண்டே பிழைக்கும்.

தண்ணீர், மேல் மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகு. தொட்டியின் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தட்டை இன்றே கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பழுப்பு நீர் கொட்டினால் வேர் அதில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.