படுத்த மாட்டை எழுப்பப் போகும் முன்: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் கால்நடை மருத்துவமனைகளில் உதவியாளராக இருந்தவன் நான். எழ முடியாத மாடுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: நேற்று கன்று போட்ட மாடு எழ மாட்டேங்குது. நாலு ஆளை வைத்துத் தூக்கலாமா?

வேண்டாம் ஆச்சி. கன்று போட்ட மூன்று நாளுக்குள் படுத்தால் பெரும்பாலும் பால் காய்ச்சல்தான். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். காது ஜில்லென்று இருக்கும், தலையை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளும். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றியதும் பல மாடுகள் தானாகவே எழுந்துவிடும். அதுவரை நெஞ்சு தரையில் பதிய உட்கார வைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுங்கள். சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். மூன்று நாலு மணிக்கொருமுறை பக்கம் மாற்றுங்கள். இல்லையென்றால் அடியில் நசுங்கிய தொடைச்சதை கெட்டு, நோய் தீர்ந்தாலும் கால் ஊன்றாது. வாயில் கஞ்சி, மருந்து எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

தேவகோட்டை தம்பி: மாட்டுப்பண்ணையில் வேலை பார்க்கிறேன். படுத்த மாட்டிடம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

முதுகுப்பக்கம், தோளை ஒட்டி நில்லுங்கள் தம்பி. கால் பக்கமும் வேண்டாம், மாட்டுக்கும் சுவருக்கும் நடுவிலும் வேண்டாம். எழப் பார்க்கும் மாடு தலையை முன்னால் வீசித்தான் பின்பக்கத்தைத் தூக்கும். கொம்பு அந்த வீச்சில்தான் குத்தும். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். வேலைக்கு வந்த புதிதில் வாலைப் பிடித்துத் தூக்கினேன். பாதி எழுந்த மாடு அப்படியே சரிந்தது. இரண்டு மாதம் என்னால் குனிய முடியவில்லை. வாலைப் பிடித்தால் மாட்டுக்கும் வால் எலும்பு விலகும்.

கண்டனூர் அக்கா: எச்சில் ஒழுகுது, தண்ணீர் இறங்கவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கு. கை விட்டுப் பார்க்கவா?

கை விடவே விடாதீர்கள் அக்கா. வெறிநாய் கடித்த மாடும் இப்படித்தான் இருக்கும், பின்னங்கால் விழுந்து படுத்தும் விடும். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் ஊசி போட்டே ஆக வேண்டும். நோய் வெளியே தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

சிங்கம்புணரி அண்ணன்: நடக்க முடியாத காளையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகலாமா?

கூடாது அண்ணே. 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிப்படி, பயணத்துக்குத் தகுதியானது என்று டாக்டர் சான்று இல்லாமல் மாட்டை ஏற்றக் கூடாது. சிகிச்சைக்கு என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். காலிலோ கழுத்திலோ கயிறு கட்டி இழுக்காதீர்கள். கெட்டித் தார்ப்பாயில் புரட்டிப் போட்டு, தார்ப்பாயைப் பிடித்துப் பலகைமேல் இழுங்கள்.