ஆராதனையில் எதைப் பாடுவது: பாமாலையா, கீர்த்தனையா, கோரஸா?

உங்கள் சபையில் பெரியவர்கள் பாமாலையும் (மேற்கத்திய மெட்டில் பாடும் தமிழ் ஞானப்பாட்டு) கீர்த்தனையும் (கர்நாடக ராகத்தில் அமைந்த பாட்டு) போதும் என்கிறார்கள், இளைஞர்கள் கிட்டாரோடு கோரஸ் (எளிய, சின்னப் புதுப் பாடல்கள்) கேட்கிறார்கள், இதற்கு நடுவில் பாடகர் குழு நான்கு குரலில் (உச்சக்குரல் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், கீழ்க்குரல் பேஸ்) பாடுவது யாருக்காக என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றின் குழுவில் பேஸ் பாடுகிறவன். என்னைப் பொறுத்தவரை சபை சேர்ந்து பாடுவதுதான் முக்கியம், குழுவின் சிறப்புப் பாடல் அப்புறம்தான்.

இந்தச் சண்டை நம் காலத்தில் வந்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீஷியஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அந்த ஊர் மெட்டிலேயே பாடும்படி தமிழாக்கினார். தஞ்சையின் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரோ நம் ராகத்திலும் தாளத்திலும் பாடல் கட்டினார். பின்னால் வந்த மிஷனரிகள் தமிழ் இசைக்குத் தடை சொன்னபோது அவர் எதிர்த்து எழுதினார். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அன்று தடையைச் சந்தித்த கீர்த்தனைதான் இன்று பெரியவர்களின் பாரம்பரியம்! அதோடும் முடியவில்லை. கர்நாடக இசையே மேல்சாதிக்காரர்களின் இசை, கிராமத்து ஏழைக்கு அவன் பாட்டில்தான் வழிபாடு வேண்டும் என்று மதுரை இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு வாதாடினார். நாட்டுப்புற மெட்டில் ஒரு முழு ஆராதனை முறையையே அமைத்தார். அவர் கேட்ட கேள்விக்கு எங்களைப் போன்ற நகரத்துச் சபைகள் இன்னும் பதில் சொல்லவில்லை.

எனக்கு நான்கு குரல் பாமாலை உயிர். டெனர் மேலே ஏறும்போது பேஸ் கீழே இறங்கி நிற்கும் அந்த இடத்தில் உடம்பே சிலிர்க்கும். ஆனால் கீர்த்தனையை நான்கு குரலாகப் பிரிப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கீர்த்தனைக்கு அழகே கமகம். ஸ்வரம் அசைய வேண்டும், வழுக்க வேண்டும். நான்கு குரல் ஒத்துப்போகவோ ஒவ்வொருவரும் தன் ஸ்வரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் ராகம் போய்விடும். அதை எல்லோரும் ஒரே குரலாகப் பாடினாலே போதும்.

கோரஸ் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மைக்கும் டிரம்ஸும் காதை அடைக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பாடுவதே கேட்காது, அப்புறம் அவரும் நிறுத்திவிடுவார். பாடகர் குழுவும் இதே தப்பைச் செய்வதுண்டு, சோப்ரானோவுக்கு வசதி என்று சுருதியை ஏற்றிவிட்டால் பாட்டிமார் இரண்டாம் வரியிலேயே வாயை மூடிக்கொள்வார்கள்.

உங்கள் குழுத் தலைவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பாமாலையின் முதல் சரணத்தைக் குழுவும் சபையோடு ஒரே குரலில் பாடட்டும், சபை மெட்டைப் பிடித்தபின் நான்கு குரலுக்குப் போகட்டும். சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொல்லுங்கள். கோரஸுக்கும் அதே சுருதிக் கணக்குதான், டிரம்ஸ் இல்லாமல் ஒரு முறையாவது பாடிப் பார்க்கச் சொல்லுங்கள்.