ஹிஸ்டரி நாட்களைக் குறைத்தும் மானிட்டரிங் சர்வரின் டிஸ்க் ஏன் இறங்கவில்லை?

உங்கள் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மானிட்டரிங்குக்கு ஜாபிக்ஸ் சர்வர், அதன் தரவைச் சேமிக்கப் பின்னால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டியதும் ஹிஸ்டரி காலத்தை, அதாவது வந்த மதிப்புகளை அப்படியே வைத்திருக்கும் காலத்தை, 90 நாளிலிருந்து 14 நாளாக மாற்றியிருக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இடம் காலியாகவில்லை, கொஞ்சம் ஏறியும் இருக்கிறது. செட்டிங் வேலை செய்யவில்லையோ என்று கேட்கிறீர்கள்.

செட்டிங் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. டிஸ்க் ஏறியதற்கே அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் வேகத்தைப் பாருங்கள். பழையதை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் துடைத்துவிடாது. காலத்தைத் திடீரென்று குறைத்தால் டேட்டாபேஸ் திணறக்கூடாது என்பதற்காக அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு சுற்றில், ஒரு ஐட்டத்துக்கு (கண்காணிக்கும் ஒவ்வோர் அளவும் ஓர் ஐட்டம்), ஹவுஸ்கீப்பர் இடைவெளியைப் போல் நான்கு மடங்கு நேரத்துக்கான பழைய தரவை மட்டுமே நீக்கும். இடைவெளியை நீங்கள் மாற்றவில்லை என்றால் அது 1 மணி நேரம், ஆகவே சுற்றுக்கு 4 மணி நேரத் தரவு போகும். 90 நாளுக்கும் 14 நாளுக்கும் இடையில் இருப்பது 76 நாள், அதாவது 1,824 மணி நேரம். நான்கு மணி நேரத்தை அழிக்கிற அதே சமயத்தில் இன்னொரு மணி நேரம் பழசாகிவிடுகிறது. நிகரமாகக் குறைவது மூன்றுதான். 608 சுற்று, கிட்டத்தட்ட 25 நாள். ஒவ்வொரு சுற்றும் நொடியில் முடிந்தால்தான் இந்தக் கணக்கு. பெரிய டேபிளில் ஒரு சுற்றே பல மணி நேரம் இழுக்கும். இடைவெளியை 24 மணி நேரமாக்கினாலும் இந்த விகிதம் மாறாது.

இந்த இடத்தில் பலர் கான்ஃபிக் கோப்பைத் திறந்து மேக்ஸ் ஹவுஸ்கீப்பர் டிலீட் என்ற அளவை 5,000-லிருந்து லட்சக்கணக்கில் ஏற்றுவார்கள். உங்கள் சிக்கலுக்கு அது உதவாது. ஐட்டத்தையே நீக்கிவிட்ட பிறகு அநாதையாகக் கிடக்கும் ஹிஸ்டரியையும் டிரெண்டையும் (மணிக்கு ஒன்றாகச் சுருக்கிய பதிவு) அழிக்கும்போதுதான் அந்த அளவு கணக்கில் வரும்.

சரி, 25 நாள் பொறுத்துப் பார்த்தாலும் டிஸ்க் இறங்குமா என்றால், இறங்காது. மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் இன்னோடிபி ஒரு பதிவை நீக்கும்போது அந்த இடத்தைத் தன் கோப்புக்குள்ளேயே காலி என்று குறித்துக்கொள்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் திருப்பிக் கொடுப்பதில்லை. நோட்டில் எழுதியதை ரப்பரால் அழித்தால் நோட்டு மெலிந்துவிடாது அல்லவா, அதுபோலத்தான். புதிதாக வரும் தரவு அந்தக் காலி இடத்தில் உட்காரும் என்பதால் கோப்பு இனி வளராது. அதுவும் நல்லதுதான், ஆனால் உங்களுக்கு இப்போது தேவை அதுவல்ல.

இந்த இரண்டு நாளில் ஏறியது எதனால்? மைஎஸ்கியூஎல் 8.0-வில் பைனரி லாக் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவேடு, சுருக்கமாக பின்லாக்) இயல்பாகவே ஓடுகிறது, அதுவும் 30 நாள் தங்குகிறது. நீக்கப்படும் ஒவ்வொரு பதிவும் முழுசாக அந்த லாகில் எழுதப்படுகிறது. ஹவுஸ்கீப்பர் மணிக்கு நான்கு மணி நேரத் தரவை அழிக்கும்போது, உள்ளே வருவதற்கும் சேர்த்து வழக்கத்தைவிடப் பல மடங்கு லாக் குவியும். ஆக, அழிப்பதே டிஸ்க்கைத் தின்கிறது. டேட்டா டைரக்டரிக்குள் போய் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். பின்லாக் என்று தொடங்கி, முடிவில் எண்ணோடு வரிசையாக நிற்கும் கோப்புகள் எவ்வளவு என்று கூட்டுங்கள். அங்கேதான் உங்களுக்கு உடனடி நிவாரணம் இருக்கக்கூடும்.

அந்தக் கோப்புகளைக் கையால் அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து. எந்தெந்த லாக் இருக்கிறது என்று மைஎஸ்கியூஎல் தனியாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. கோப்பு மட்டும் காணாமல் போனால் அது குழம்பும். ரெப்ளிகா (இந்த லாகைப் படித்து நகலாக ஓடும் இன்னொரு டேட்டாபேஸ்) இருந்தால் அது எதுவரை படித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, பர்ஜ் பைனரி லாக்ஸ் கட்டளையால் பழையதை நீக்குங்கள். அப்புறம் லாக் தங்கும் காலத்தை 2,59,200 வினாடி, அதாவது 3 நாள் என்று குறைத்து வையுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்கும்போது இந்த லாக் தேவைப்படும் என்றால், கடைசி முழு பேக்கப்புக்கு முந்தையதை மட்டும் நீக்குங்கள்.

அடுத்து டேபிள்கள். எண் மதிப்புகள் இரண்டு ஹிஸ்டரி டேபிளில் போகும். எழுத்து, நீண்ட எழுத்து, லாக் ஆகியவற்றுக்குத் தனித்தனி டேபிள்கள். எது பெரியது என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று தெரியவரும்: எண் டேபிள் மெதுவாக, நியாயமாக வளர்ந்திருக்கும், அல்லது நீண்ட எழுத்து டேபிள் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். இரண்டாவது என்றால், யாரோ ஒரு டெம்ப்ளேட்டில் (பல சர்வர்களுக்குப் பொதுவான ஐட்டத் தொகுப்பில்) வைத்த ஒரு மூல ஐட்டம் 30 வினாடிக்கு ஒருமுறை முழு ஜேசன் பதிலையும் இழுத்துச் சேமித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து பிரித்தெடுத்த ஐட்டங்கள்தான் உங்களுக்கு வேண்டும். மூல ஐட்டத்துக்கு ஹிஸ்டரியே வைக்காதே என்று சொல்லிவிடலாம்; பிரித்தெடுத்தவை தடையில்லாமல் ஓடும்.

கோப்பைச் சுருக்க ஆப்டிமைஸ் டேபிள் ஓட்டலாம். ஆனால் அது டேபிளை முழுசாக மறுபடி கட்டுகிறது, கட்டி முடியும் வரை பழையதும் புதியதும் சேர்ந்தே டிஸ்க்கில் இருக்கும். 90 சதவீதம் நிரம்பிய டிஸ்க்கில் அதை ஓட்டினால் பாதியில் நின்றுவிடும். ஆகவே நான் சொல்வது வேறு வழி. பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாபிக்ஸ் சர்வரை நிறுத்துங்கள். பெரிய டேபிளின் அமைப்பிலேயே காலி டேபிள் ஒன்று உருவாக்கி, பெயர்களை மாற்றி அதை இடத்தில் வையுங்கள். கடைசிச் சில நாள் தரவை மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு நகலெடுத்து, சர்வரை எழுப்பி, கிராஃபும் டிரிகரும் (எச்சரிக்கை எழுப்பும் விதி) சரியாக வருகின்றனவா என்று பார்த்தபின் பழைய டேபிளை டிராப் செய்யுங்கள். டேபிளுக்கு ஒரு கோப்பு என்ற அமைப்பு இருந்தால் (மைஎஸ்கியூஎல் 5.6 காலத்திலிருந்தே அதுதான் இயல்பு) இடம் உடனே திரும்பும். எல்லாம் ஒரே பெரிய பொதுக் கோப்பில் இருக்கும் மிகப் பழைய அமைப்பு என்றால், முழு டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றுவதுதான் வழி. எது செய்தாலும் டிரெண்ட் டேபிள்களைத் தொடாதீர்கள்.

ஏன் தொடக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 6,000 ஐட்டம், நிமிடத்துக்கு ஒரு மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 100, ஒரு நாளைக்கு 86.4 லட்சம். ஓர் எண் மதிப்புக்குத் தோராயமாக 90 பைட் என்றால் நாளொன்றுக்கு 780 எம்பி அளவில் வரும். 90 நாளுக்கு 70 ஜிபி, 14 நாளுக்கு 11 ஜிபி. டிரெண்ட் என்பது மணிக்கு ஒரே பதிவு: குறைந்தது, சராசரி, அதிகபட்சம், எத்தனை மதிப்பு என்ற எண்ணிக்கை. அதே 6,000 ஐட்டத்துக்கு ஒரு வருட டிரெண்ட் 4.7 ஜிபி. ஐந்து வருடம் வைத்தாலும் 24 ஜிபியைத் தாண்டாது. ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையின் 10:42 மணி சிபியூ அளவை யாரும் கேட்கப்போவதில்லை. போன வருடம் இதே மாதம் சுமை எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார்கள். அதனால் ஹிஸ்டரியில் கஞ்சமாகவும் டிரெண்டில் தாராளமாகவும் இருங்கள். 365 நாள் என்ற இயல்பு அளவையும் 400 ஆக்குங்கள். சரியாக ஒரு வருடம் வைத்தால், மாதக் கடைசியில் ஒப்பிட உட்காரும்போது போன வருட அதே மாதம் கிட்டத்தட்ட முழுசாகப் போயிருக்கும்.

ஹிஸ்டரியை 14-க்கும் கீழே இறக்க நினைத்தால் முதலில் டிரிகர்களைப் படியுங்கள். ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடும் டிரிகருக்கு ஏழு நாள் ஹிஸ்டரி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது இருப்பதை வைத்துத் தவறான முடிவுக்கு வரும், எச்சரிக்கையும் தராது. நீண்ட கால ஒப்பீட்டுக்கு டிரெண்டைப் படிக்கும் ஃபங்ஷன்கள் ஜாபிக்ஸ் 5.2 பதிப்பிலிருந்து இருக்கின்றன, அவற்றுக்கு மாற்றுங்கள்.

அழிப்பதைவிட நல்லது, தேவையற்றதை உள்ளே விடாமல் இருப்பது. சர்வீஸ் ஓடுகிறதா, நெட்வொர்க் போர்ட் மேலே இருக்கிறதா, மென்பொருள் பதிப்பு என்ன என்பவை எல்லாம் மாதக்கணக்கில் மாறாதவை. 4.2 பதிப்பிலிருந்து, மதிப்பு மாறாவிட்டால் சேமிக்காதே, ஆனால் இத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஒன்று மட்டும் சேமி என்று முன்செயலாக்கத்தில் சொல்லலாம். தரவு வரவில்லையே என்று பார்க்கும் டிரிகர் அதே ஐட்டத்தில் இருந்தால், அந்த நேரம் டிரிகரின் நேரத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்.

நிரந்தரத் தீர்வு என்று கேட்டால், பதிவு பதிவாக அழிப்பதை விட்டுவிட்டுப் பார்ட்டிஷனுக்கு, அதாவது டேபிளைக் காலவாரியான துண்டுகளாகப் பிரித்து வைப்பதற்குப் போங்கள். ஹிஸ்டரிக்கு நாளுக்கு ஒன்று, டிரெண்டுக்கு மாதத்துக்கு ஒன்று. பழைய பார்ட்டிஷனை டிராப் செய்தால் அந்தக் கோப்பே போய்விடும், இடம் அந்த நொடியே கிடைக்கும், பின்லாகிலும் ஒரு வரிதான் ஏறும். அப்போது ஹவுஸ்கீப்பரில் ஹிஸ்டரிக்கும் டிரெண்டுக்கும் மட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஈவென்ட், ஆடிட் இவற்றை அது தொடர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். புதிதாகக் கட்டுபவராக இருந்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு அதன் காலத்தொடர் நீட்சியான டைம்ஸ்கேல்டிபி வைத்துக்கொள்வதையே நான் சொல்வேன், துண்டு துண்டாக நீக்கும் வேலையை ஜாபிக்ஸே அங்கே செய்துகொள்ளும். ஒரே நிபந்தனை, ஐட்டத்தின் காலத்தை மேலெழுதும் ஓவர்ரைடு டிக் போட்டிருக்க வேண்டும். புரோமீதியஸ் என்ற இன்னொரு மானிட்டரிங் மென்பொருளும் இப்படித்தான், தரவைக் காலத் துண்டுகளாக வைத்து முழுத் துண்டாகத் தூக்கிப்போடுகிறது. அங்கே இயல்புக் காலம் 15 நாள், அளவு வரம்பு இயல்பாகக் கிடையாது. அளவு வரம்பையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல் பார்ட்டிஷனில் ஒரு பயம் மட்டும் உண்டு. நாளைக்கான பார்ட்டிஷனை உருவாக்கும் ஸ்கிரிப்ட் நின்றுபோனால், நள்ளிரவு தாண்டியதும் புதிய மதிப்புகளுக்குப் போக இடமில்லாமல் எல்லாம் பிழையாகும். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதையே ஓர் ஐட்டமாக்கி, மூன்றுக்குக் கீழே போனால் அலர்ட் வையுங்கள். டிஸ்க் அளவுக்கான அலர்ட்டை மட்டும் இந்த சர்வரிடமே விட்டுவிடாதீர்கள். டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸ் நிற்கும், அதோடு அலர்ட்டும் நிற்கும். கிரானில் (லினக்ஸின் நேர அட்டவணையில்) ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று, 80 சதவீதம் தாண்டினால் ஜாபிக்ஸைத் தொடாமல் நேராக மெயில் அனுப்பினால் போதும்.